அண்ணா சென்ற வழியும் அந்தமானின் நிலையும்

அரசியல் வாழ்வை ஓர் ஏணியாக எண்ணுவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. ஊராட்சி முதற்படி, சட்டமன்றம் நடுப்படி, தில்லிப் பாராளுமன்றம் உச்சிப்படி. மாநிலத்தில் பெயர் பெற்ற ஒருவர் பாராளுமன்றம் சென்றால் 'உயர்ந்துவிட்டார்' என்கிறோம். அங்கிருந்து மாநிலத்துக்குத் திரும்பினால் 'இறங்கிவிட்டார்' என்கிறோம். செய்தித்தாளும் அப்படியே எழுதுகிறது. தேநீர்க் கடையும் அப்படியே பேசுகிறது. மாணவர்களாகிய நாமும் அதையே திருப்பிச் சொல்லுகிறோம்.

இந்த ஏணிக் கணக்கு தவறு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை. தில்லி வேறொரு களம், அவ்வளவே. அங்கே செல்பவரின் குரலுக்கு வலுத் தருவது அவருக்குப் பின்னால் நிற்கும் அவை. அந்த அவை இல்லாதவர் எவ்வளவு தூரம் சென்றாலும், எவ்வளவு உரக்கப் பேசினாலும், தனி மனிதராகவே நிற்க வேண்டியிருக்கும்.

நான் அரசியல் படிப்பவன் அல்லன். கடல்வாழ் உயிரியலில் முதுநிலை மாணவன். வயது இருபத்து மூன்று. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தெற்கு அந்தமானில் உள்ள வண்டூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. 'எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.' என்று நல்லதற்கும் பொல்லாததற்கும் ஒருவரைச் சுட்டிக்காட்டும் மண்ணில் பிறந்தேன். அப்படிச் சுட்டிக்காட்ட ஒருவருமே இல்லாத மண்ணில் வாழ்கிறேன். இரண்டையும் பார்த்தவன் என்ற அந்த ஓர் உரிமையே இப்பொருளைப் பற்றி எழுத எனக்குப் போதுமென்று நம்புகிறேன்.

மாநில அரசியலிலிருந்து பாராளுமன்றம் சென்றவர்களுள் தமிழர் எளிதில் மறக்க முடியாதவர் அறிஞர் அண்ணா. அவர் சென்ற வழியை ஆண்டு வாரியாக எடுத்துப் பார்ப்போம்.

1957-இல் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று அவருடைய கட்சிக்கு அம்மன்றத்தில் பதினைந்து இடங்கள். ஐந்தாண்டு கழித்து, 1962 தேர்தலில் அந்தப் பதினைந்து ஐம்பதாயிற்று. ஆனால் கட்சியை ஐம்பதுக்கு உயர்த்திய தலைவர், தம் சொந்த ஊரான அதே காஞ்சியில் தோற்றுப்போனார். படை வென்றது; தளபதி வீழ்ந்தார். அந்த ஐம்பது பேர் சும்மா இருந்தார்களா? சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும் உரிமையைப் பயன்படுத்தி, தங்கள் தலைவரைத் தில்லிக்கு அனுப்பி வைத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அண்ணா தில்லிக்கு ஏணி ஏறிச் செல்லவில்லை. தோல்வியுற்ற ஒருவரை, வெற்றி பெற்ற ஓர் அணி தன் தோளில் தூக்கிக் கொண்டுபோய் அங்கே இறக்கியது. சட்டமன்றம் என்ற ஒன்று இருந்ததனால்தான், சட்டமன்றத்தில் இடமிழந்தவருக்கும் நாட்டின் பேரவையில் இடம் கிடைத்தது.

1962 மே மாதம் அவர் மாநிலங்களவையில் முதன்முறையாகப் பேசினார். திராவிட நாட்டுக் கோரிக்கையை அங்கேயே எடுத்துவைத்தார். அவை கலங்கியது, எதிர்த்தது, ஆயினும் கேட்டது. அதே ஆண்டில் சீனப் படையெடுப்பு வந்தது. 1963-இல் அண்ணாவின் கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அது சரியா தவறா என்பது வேறு வழக்கு. இங்கே அதற்குள் புக வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அவர் தில்லியில் இருந்த காலத்தில் எதைச் சாதிக்க முடிந்தது, எதைச் சாதிக்க முடியவில்லை என்பதையே.

முதலில் பெயர் வழக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து விருதுநகரில் பட்டினி கிடந்து, 1956 அக்டோபரில் சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். 1963-இல் வங்கத்துப் பொதுவுடைமைத் தலைவர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதா மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தது. அண்ணா எழுந்து ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன ஆதாயம் என்று கேட்டவர்களிடம், இரு அவைகளுக்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் புதுப் பெயர் சூட்டியதால் நீங்கள் கண்ட ஆதாயம் என்ன என்று திருப்பிக் கேட்டார். இன்று படித்தாலும் இனிக்கும் வாதம் அது. ஆனால் மசோதா தோற்றது.

நான்கு ஆண்டுகள் கடந்தன. 1967 தேர்தலில் அண்ணா தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றார். ஏணிக் கணக்கின்படி, மக்கள் நேரே தேர்ந்தெடுத்த பாராளுமன்ற உறுப்பினர் என்ற உயரத்தை எட்டிவிட்டார். அவர் என்ன செய்தார்? அந்த இடத்தை விட்டுவிட்டு மாநிலத்துக்குத் திரும்பினார். மார்ச் மாதம் முதலமைச்சரானார். சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். 1967 ஜூலை 18-ஆம் நாள் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1968-இல் பாராளுமன்றம் அதற்கான சட்டத்தை இயற்றியது. 1969 ஜனவரி 14-ஆம் நாள், தைப்பொங்கல் திருநாளில், தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் 3-ஆம் நாள் அண்ணா மறைந்தார்.

இந்த வரலாற்றை அறிவியல் மாணவன் ஒரு சோதனையைப் படிப்பது போல் படித்துப் பாருங்கள். 1963-இல் பேசியவரும் 1967-இல் தீர்மானம் கொணர்ந்தவரும் ஒருவரே. நாவன்மை அதே நாவன்மை. கோரிக்கை அதே கோரிக்கை. பெயரை மாற்றும் அதிகாரம் பெற்ற பாராளுமன்றமும் அதே பாராளுமன்றம். மாறியவற்றுள் பெரியது எது? 1963-இல் பேசியவருக்குப் பின்னால், கேட்பவரை மறுமொழி சொல்லக் கட்டாயப்படுத்தும் ஓர் அவையின் தீர்மானம் இல்லை. 1967-இல் இருந்தது. ஒருவருடைய வாதத்தைக் கைதட்டிவிட்டு ஒதுக்கலாம். ஒரு மாநில மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒரே குரலில் கேட்பதை அப்படி ஒதுக்குதல் எளிதன்று.

அடுத்து மொழி வழக்கு. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், ஆங்கிலம் தொடர்ந்து 'பயன்படுத்தப்படலாம்' என்றது. 'லாம்' என்ற அந்த ஈற்றை நம்பி எப்படி இருப்பது என்று தென்னகம் அஞ்சியது. 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1967 தேர்தல் முடிவும் சேர்ந்து தந்த அழுத்தத்தில், அவ்வாண்டின் இறுதியில் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் என்ன சொல்கிறது? இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, பின்னர்ப் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் இசையும்வரை ஆங்கிலம் தொடரும் என்கிறது.

இந்தப் பூட்டின் சாவி யாரிடம் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். மாநிலச் சட்டமன்றங்களிடம். ஆளுக்கொரு சாவி. தமிழ்நாட்டிடம் ஒன்று, வங்கத்திடம் ஒன்று. அந்தமான் நிக்கோபாரிடம்? இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேல் வங்காளிகள். பதினைந்து பேர் தமிழர். பதின்மூன்று பேர் தெலுங்கர். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழப் பத்தொன்பது பேர். மொழிச் சிக்கல் எங்கே வந்தாலும் முதலில் தொடப்பட வேண்டிய ஊர் இது. ஆனால் சாவி பங்கிடும்போது இவ்வூரின் பெயர் பட்டியலில் இல்லை. காரணம் இங்கே மக்கள் இல்லை என்பதன்று. சட்டமன்றம் இல்லை என்பதே.

அண்ணாவை மட்டும் சொல்லி நிறுத்தினால் கட்சிப் பேச்சு என்று சிலர் கருதக்கூடும். எதிர்முகாமில் நின்ற பெருந்தலைவர் காமராசரைப் பாருங்கள். 1952-இல் திருவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் அவர். 1954-இல் முதலமைச்சராகிக் குடியாத்தம் இடைத்தேர்தல் வழியே சட்டமன்றத்துக்கு வந்தார். அவரும் தில்லியிலிருந்து மாநிலத்துக்கு 'இறங்கியவரே'. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, 1963 அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி விலகினார். 1964-இலும் 1966-இலும் இந்நாட்டின் பிரதமர் யார் என்பதை முடிவு செய்ததில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. அப்போது அவர் மக்களவை உறுப்பினரும் அல்லர். ஒரு மாநிலத்தைப் பள்ளிக்கூடங்களாலும் மதிய உணவாலும் ஆண்டு காட்டியவர் என்பதே தில்லியில் அவருக்கிருந்த கையிருப்பு.

1967-இல் விருதுநகர்ச் சட்டமன்றத் தொகுதியில், மாணவர் தலைவராயிருந்த ஓர் இளைஞரிடம் அவர் தோற்றார். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் மக்களவைக்குப் போனார். 1971-இலும் வென்றார், ஆனால் தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது இடங்களில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது அவருடைய ஓரிடமே. கட்சித் தலைவராகப் பிரதமர்களைத் தேர்ந்த அதே காமராசர், மக்களவையின் ஓர் இருக்கையில் தனியே அமர்ந்தபோது முன்போல் எதையும் நடத்தி வைக்க இயலவில்லை. மனிதர் சிறுத்துவிட்டாரா? இல்லை. பின்னாலிருந்த அணி கலைந்துவிட்டது.

இனி எங்கள் தீவுகளுக்கு வருவோம்.

1952-இல் முதல் மக்களவை கூடியபோது அந்தமான் நிக்கோபார் மக்களுக்கு வாக்கு இல்லை. குடியரசுத் தலைவரே ஓர் உறுப்பினரை நியமித்தார். முதலில் நியமனம் பெற்றவர் நிக்கோபாரியரான பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1967-இல்தான், அண்ணா தென்சென்னையில் வென்ற அதே தேர்தலில்தான், இத்தீவு மக்கள் தங்கள் உறுப்பினரை முதன்முறையாகத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் மனோரஞ்சன் பக்தா 1977 முதல் 1998 வரை நடந்த தேர்தல்களில் தொடர்ந்து ஏழு முறையும், 2004-இல் எட்டாம் முறையும் வென்றார். பிஷ்ணு பத ரே 1999, 2009, 2014, 2024 ஆகிய தேர்தல்களில் வென்றார். ஆகவே, அனுபவம் மிக்க உறுப்பினர்கள் தீவுகளுக்கு வாய்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் குறை சொல்வது அவர்களையும் அன்று.

அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி. தமிழ்நாட்டில் சாலைக்கும் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் குரல் கொடுக்க இருநூற்று முப்பத்து நால்வர் சட்டமன்றத்தில் இருக்கின்றனர். நாட்டுப் பொதுச் சிக்கல்களைப் பேச முப்பத்தொன்பது பேர் மக்களவையில் இருக்கின்றனர். மாநிலங்களவையில் வேறு பதினெட்டுப் பேர். இங்கே இவ்வளவு வேலைக்கும் ஆள் ஒருவரே. வடக்கே திகிலிப்பூரிலிருந்து தெற்கே கேம்பெல்பே வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டத்தில், கப்பல் வராத சிக்கலையும் அவரே கேட்க வேண்டும். நாட்டின் கடல் கொள்கையையும் அவரே பேச வேண்டும். ஐந்நூற்று நாற்பத்து மூவர் கூடும் அவையில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? அந்த நேரத்தைக் கப்பலுக்குக் கொடுத்தால் கொள்கைக்கு இல்லை. கொள்கைக்குக் கொடுத்தால் கப்பலுக்கு இல்லை.

மாநிலங்களவையில் எங்களுக்கு ஓரிடமும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் இல்லாத இடத்தில் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க யார் இருக்கிறார்? இங்கேயும் ஓர் அண்ணா தோன்றலாம். அவர் 1962-இல் தோற்றது போல் தேர்தலில் தோற்கவும் கூடும். அன்றே அவர் பொது வாழ்வு ஐந்தாண்டுக்கு முடிந்தது. தோளில் தூக்கிச் செல்ல ஐம்பது பேர் இல்லை.

சட்டம் எங்கிருந்து வருகிறது? அரசமைப்பின் 240-ஆம் பிரிவு, இத்தீவுகளின் நல்லாட்சிக்காக ஒழுங்குமுறைகள் இயற்றும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை இத்தீவுகளைப் பொறுத்தவரையில் திருத்தவும் நீக்கவும்கூட அத்தகைய ஒழுங்குமுறையால் முடியும். நாள்தோறும் நிர்வாகம் செய்பவர் துணைநிலை ஆளுநர். ஊராட்சிகள் உண்டு, மாவட்ட ஊராட்சி மன்றங்கள் உண்டு, தலைநகரில் நகரவை உண்டு. சட்டம் இயற்றும் அவை மட்டும் இல்லை.

வண்டூரில் இதன் பொருளைக் கண்ணால் காணலாம். எங்கள் ஊர்ப் படகுத் துறையிலிருந்துதான் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. 1983-இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா 281 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் பதினைந்து தீவுகளும் கொண்டது. பவளங்கள் இளைப்பாற வேண்டுமென்று ஜாலிபாய் தீவும் ரெட்ஸ்கின் தீவும் பருவத்துக்கொன்றாகத் திறக்கப்படுகின்றன. பவளத்தைப் படிக்கும் மாணவன் என்ற முறையில் இவ்விதியை நான் இரு கை கூப்பி வரவேற்பேன். 2010-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போனதை எங்கள் துறை மறக்கவில்லை. ஆனால் நல்ல விதியாயினும், அதனால் தொழில் பாதிக்கப்படும் படகோட்டியும் இளநீர் விற்பவரும் 'ஏன்?' என்று கேட்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? அமைச்சர் எழுந்து மறுமொழி சொல்ல ஓர் அவை வேண்டும் அல்லவா? மனு கொடுக்கலாம் என்பீர்கள். எங்கள் தெருவினரும் கொடுத்தார்கள், ஓர் அலுவலகத்தில், குடிநீர்க் குழாய்க்காக. மனு பெற்றதற்குச் சீட்டு வந்தது, தண்ணீர் வரவில்லை. கேள்விக்கும் மனுவுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். மனு இரக்கத்தை நாடும். கேள்வி கணக்கைக் கேட்கும்.

பெரிய காரியங்களிலும் நிலைமை இதுவே. 2024 செப்டம்பரில் எங்கள் தலைநகராகிய போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறுவதாக மத்திய உள்துறை அமைச்சர் அறிவித்தார். புதுப் பெயர் நன்றா, பழைய பெயர் நன்றா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. தமிழ்நாடு என்ற பெயருக்கு ஒரு சட்டமன்றம் எழுந்து நின்று தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் தலைநகரின் பெயர் குறித்து 'ஆம்' என்று சொல்லவும் எங்களுக்கு ஓர் அவை இல்லை; 'இல்லை' என்று சொல்லவும் இல்லை. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க, 2022-இல் நூற்று முப்பது சதுரக் கிலோமீட்டர் காட்டு நிலத்துக்கு முதல்நிலை இசைவு தரப்பட்டது. முன்னர் இசைவு தெரிவித்திருந்த பழங்குடி மன்றம் அதே ஆண்டு நவம்பரில் அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு பெரிய செய்தியைத் தீவு மக்களின் சார்பாளர்கள் கூடி விவாதிக்கும் மன்றம் எங்கே?

மறுப்புகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு எழுதுதல் நேர்மையாகாது.

'நான்கு இலட்சம் பேர்கூட இல்லாத இடத்துக்குச் சட்டமன்றமா?' என்பது முதல் மறுப்பு. 2011-இல் இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. உண்மைதான். ஆனால் நம் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான புதுச்சேரியைப் பாருங்கள். அதுவும் யூனியன் பிரதேசமே. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டமன்றம் பெற்றது. இன்று தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் முப்பதின்மர். அப்பிரதேசத்தைச் சேர்ந்த மாகி, கேரளக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர். அதன் மக்கள்தொகை 2011-இல் 41,816. அந்த மாகிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் உண்டு. நாற்பதாயிரம் பேருக்கு ஒருவர் இருக்கலாம். மூன்றே முக்கால் இலட்சம் பேருக்கு ஒருவரும் இருக்கக் கூடாது என்பது எந்தக் கணக்கு? ஆறு இலட்சம் பேர் வாழும் சிக்கிமில் முப்பத்திருவர் கொண்ட மன்றம் நடக்கிறதே!

'பாதுகாப்பு மிக்க எல்லை. எனவே தில்லியின் நேரடிக் கை வேண்டும்' என்பது இரண்டாவது. படையும் எல்லையும் எந்த மாநிலத்திலும் சட்டமன்றத்தின் கையில் இல்லை. அருணாசலமும் சிக்கிமும் எல்லையில் இருந்துகொண்டே சட்டமன்றம் வைத்திருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு மற்ற இரண்டைவிடக் கனமானது. என்னை உறங்கவிடாமல் எண்ண வைத்ததும் அதுவே. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென் ஆகிய தொல்குடியினர் இத்தீவுகளின் மூத்த மக்கள். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். குடியேறியவர்களாகிய நாமோ மிகப் பலர். வாக்கு எண்ணும் அவை வந்தால், நிலத்துக்கும் சாலைக்கும் ஆசைப்படும் பலரின் கை ஓங்கி, சிலரின் காடு சுருங்காதா? இந்த அச்சம் நியாயமானது. தமிழன் என்பதால் நான் குடியேறியவன் அல்லன் என்றாகிவிடாது. ஆகவே நான் கேட்கும் அவைக்கு ஓர் எல்லை வேண்டும். 1956-ஆம் ஆண்டுத் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், அதன்கீழ் ஒதுக்கப்பட்ட காடுகளும் அவ்வவையின் அதிகாரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். நிக்கோபாரியருக்கு அதில் உறுதியான இடம் வேண்டும். இந்த எல்லை இல்லாத சட்டமன்றம் வருமானால், அதை எதிர்த்து வாக்களிப்பவருள் நானும் ஒருவனாயிருப்பேன்.

இதைப் பெறுவது எளிதன்று. அரசமைப்பைத் திருத்தியாக வேண்டும். யூனியன் பிரதேசச் சட்டமன்றங்களுக்கு இடமளிக்கும் பிரிவுகளில் அந்தமான் இல்லை. ஆனால் தில்லி 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் தன் சட்டமன்றத்தைப் பெற்றது. கோவா யூனியன் பிரதேசமாயிருந்து, சட்டமன்றம் பெற்று, 1987-இல் மாநிலமாயிற்று. நடந்திராத ஒன்றை நான் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே, நாம் என்ன செய்யலாம்? சட்டமன்றம் நாளைக்கே வந்துவிடாது. வரும்வரை அதற்குரிய பழக்கத்தை உண்டாக்கலாம். நம் உறுப்பினர் பாராளுமன்றத்தில் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர்கள் தந்த விடைகளும் அச்சில் கிடைக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அவற்றை ஒரு முறையேனும் படித்திருக்கிறோம்? தமிழ் மன்றத்தின் சார்பில் திங்களுக்கொரு மாதிரிச் சட்டமன்றம் நடத்துவோம். பட்டிமன்றத்தில் கண்ணகியையும் மாதவியையும் நிறுத்தி வழக்காடியது போதும். ஒரு கூட்டத்தில் கப்பல் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், மறு கூட்டத்தில் 2004 ஆழிப்பேரலையில் உப்பேறிய வயல்களை எடுத்துக்கொள்வோம். வங்க மாணவரையும் தெலுங்கு மாணவரையும் நிக்கோபாரிய மாணவரையும் அழைப்போம். தமிழருக்கென்று மட்டும் கேட்டால் நூற்றுக்குப் பதினைந்தின் குரல். தீவுக்கென்று கேட்டால் எல்லோருடைய குரல். முடிவுகளை எழுதி உறுப்பினருக்கு அனுப்புவோம். அடுத்த மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே வினாவை வைப்போம்: 'எங்களுக்கு அவை வேண்டும் என்று அவையில் கேட்பீர்களா?'

என் துறையிலிருந்து ஓர் உவமை சொல்ல இடம் கொடுங்கள். பவளத் திட்டைக் கட்டுவது கடுகளவு உயிர். தனியாக விட்டால் ஒரு சிற்றலை அதை அடித்துச் சென்றுவிடும். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுண்ணம் சேர்த்த பின், அதே உயிர்களின் கூட்டம் பெருங்கடலின் அலையை உடைத்து நிறுத்துகிறது. உச்சியில் இருக்கும் உயிருக்கு அந்த வலு எங்கிருந்து வந்தது? அடியில் இருக்கும் திட்டிலிருந்து வந்தது.

அண்ணாவின் பெருமையைப் பேசும் கூட்டங்களுக்கு நம்மிடையே குறைவில்லை. அவர் எவ்வளவு அழகாகப் பேசினார் என்று சொல்லிக் கைதட்டுகிறோம். அழகாகப் பேசியும் 1963-இல் தோற்றார் என்பதையும், பாராளுமன்ற இடத்தை விட்டுச் சட்டமன்றத்துக்குத் திரும்பி வந்த பின்னரே வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ஒரு பெரும் பேச்சாளரைத் தில்லிக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று எண்ணியிருக்கும் தீவு இளைஞர்களுக்கு அந்த வரலாறு கற்பிக்கும் பாடம் வேறு. அனுப்புவதற்கு முன் அவருக்குப் பின்னால் நிற்கும் அவையைக் கட்ட வேண்டும். அந்த வேலை நம் தலைமுறையின் வேலை.